காரட் பெட்டிக்குள் வந்த மீன்

குமரேசா,

உன் கல்யாணப் பத்திரிகைகளுக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவி முடித்துவிட்டு, அதே கையோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நம் தமிழ்ச் சங்க மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று செயலாளர் என்னை விடாமல் நச்சரித்துக்கொண்டிருந்தார். சொதிக் குழம்புக்குச் செய்முறை வரும் என்று எதிர்பார்த்திருப்பார் போல. அதற்குப் பதிலாக உனக்கு ஒரு கடிதம் எழுதி அவரிடம் கொடுக்கப்போகிறேன். வீட்டுக்குள் பேச வேண்டியதை ஊர் படிக்கக் கொடுப்பானேன் என்று நீ கேட்பாய். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். வங்காளியில் சரளமாகச் சண்டை போடுகிற பிள்ளை, தமிழ் என்று வந்தால் தூரத்து பஸ் போர்டைப் படிக்கிற மாதிரி கண்ணைச் சுருக்குவாய். ஆகவே நான் சொல்வது உன் மண்டைக்குள் மெதுவாகத்தான் இறங்கும். எனக்கு அது வசதி. அதுபோக, இந்த ஊரில் நம்மைப் போல எத்தனையோ வீடுகளில் இதே சங்கதி மென்று முழுங்கப்பட்டுக் கிடக்கிறது. யாராவது ஒருத்தி வாயைத் திறக்கட்டுமே என்றுதான் நான் திறந்துவிட்டேன்.

சங்கதி இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கல்யாணத்துக்குப் பிறகு நீயும் துலியும் நியூ டவுன் பக்கம் தனி வீடு பார்த்துப் போகப்போவதாகச் சொன்னாய். "அம்மாவுக்கு மீன் வாசன ஆகாதுல்லா. துலியும் எத்தன நாளைக்கு மீனு இல்லாம இருப்பா? ரெண்டு பேருக்கும் கஷ்டம் வேண்டாம்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம்" என்றாய். நல்ல பிள்ளை மாதிரி, குரலை உயர்த்தாமல், ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாய். உங்க அப்பா தலையைக் குனிந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் "ம்" என்று சொல்லி உனக்கு அப்பளம் வைத்தேன். அந்த "ம்" சம்மதம் என்று நீ எடுத்துக்கொண்டாய். அது சம்மதம் இல்லை. அன்று வராத வார்த்தைகளை இப்போது எழுதுகிறேன். ஆனால் அதைச் சொல்ல வேண்டும் என்றால் உன் கட்டை விளையாட்டிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஏனென்றால், மீனும் நானும் முதலில் சந்தித்துக்கொண்டது அங்கேதான்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே நீ அந்த விளையாட்டே கதி என்று கிடந்தாய். உலகம் மொத்தமும் சதுரக் கட்டைகளால் ஆனது. மலையைத் தோண்டலாம், ஆற்றைத் திருப்பலாம், நினைத்த இடத்தில் வீடு கட்டலாம். அதில் ரெட்ஸ்டோன் என்று ஒரு சிவப்புத் தூள். அதைத் தரையில் கோடாகத் தூவினால் உள்ளே கரண்டு மாதிரி ஒன்று ஓடும். அதை வைத்து நீ கதவைத் திறக்க வைத்தாய், விளக்கை எரிய வைத்தாய், பாலத்தைத் தானாக நீள வைத்தாய். "கையால தொறந்தா தொறக்காதா அந்தக் கதவு?" என்று நான் கேட்டதற்கு, "தொறக்கும்மா, ஆனா அதுல என்ன இருக்கு?" என்றாய். எனக்கு அந்தப் பதில் விளங்கவே இல்லை. ஹவுராவில் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த உங்க அப்பாவுக்கு மட்டும் விளங்கியது. "ஏளா, அவன் பண்ணுததும் நாங்க பண்ணுததும் ஒண்ணுதான். எங்க கையில கிரீஸ் ஒட்டும், அவன் கையில ஒட்டாது" என்பார். லோட்ஷெடிங் ஆகி நீ கட்டிய பாலம் பாதியிலே போனபோது, நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாய். நான் "போற பீடை போகட்டும், வந்து தோசையத் தின்னு" என்றேன். அவர்தான் ஒரு இன்வெர்ட்டரைக் கொண்டுவந்து மாட்டினார்.

அலிப்பூர் ஆபீஸின் தபால் பிரிவிலிருந்து நான் ரிட்டயர் ஆன புதிதில் என்ன ஆட்டம் ஆடினேன் என்று உனக்குத் தெரியும். அலமாரியைக் கலைத்து அடுக்குவேன், அடுக்கியதைத் திரும்பக் கலைப்பேன். டப்பாக்களுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டினேன். பக்கத்து வீட்டு அண்ணி, மித்ரா பௌதியின் அலமாரியையும் அடுக்கித் தருகிறேன் என்று போய் நின்றேன். அந்த நாட்களில்தான் நீ ஆபீஸுக்குக் கிளம்பும்போது, "அம்மா, கம்ப்யூட்டர அணைச்சிராத. என் ஆளு பண்ணைக்குப் பக்கத்துல நிக்கான். யாராவது நின்னாத்தான் மெஷின் ஓடும்" என்று சொல்லிவிட்டுப் போவாய். ஆள் விலகினால் அந்த இடம் அப்படியே உறைந்து நின்றுவிடுமாம். இது என்னடா வேடிக்கை, வேலை செய்யாமல் சும்மா நிற்கிறதுக்கு ஒரு ஆளா என்று சிரித்தேன். பிறகு எங்கள் ஆபீஸை நினைத்துக்கொண்டேன், நியாயமாகத்தான் பட்டது.

ஒருநாள் மேஜையைத் துடைக்கும்போது துணி எதிலோ பட்டு, உன் ஆள் வாய்க்காலில் விழுந்துவிட்டான். பதறிப்போய் உனக்கு ஃபோன் போட்டேன். நீ மீட்டிங்கில் இருந்தபடியே கிசுகிசுப்பாக, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொன்னாய். அவனைத் தூக்கிக் கரையில் விட்டேன். விட்டவள் போயிருக்கலாம். கொஞ்சம் அந்தப் பக்கம் நடந்து பார்ப்போமே என்று தோன்றியது. நடந்தேன். சாயங்காலம் நீ வந்து பார்த்தபோது, அடுப்பில் எதுவும் இல்லை. நான் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். நீ பையைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாய். அன்றைக்கு மூன்று பேரும் பாலும் பன்ரொட்டியும் தின்று படுத்தோம், ஞாபகம் இருக்கிறதா?

என் முதல் இயந்திரம் பூசணிக்காய் பறிப்பது. கொடியில் காய் விளைந்ததும், அதையே பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு கட்டை கண்டுகொள்ளும். உடனே சிவப்புத் தூள் வழியாகத் தகவல் போகும். பிஸ்டன் பாய்ந்து வந்து காயை இடிக்கும். அது புனல் மாதிரி இருக்கிற ஹாப்பரில் விழுந்து பெட்டிக்குள் போகும். சொல்லும்போது சுலபம். நான் பிஸ்டனை முகம் மாற்றி வைத்துவிட்டேன். அது காயை விட்டுவிட்டு என்னைத் தள்ளியது. தூளைத் தூரமாகத் தூவினேன். போகப் போகப் பலம் குறைந்து கடைசிக்கு எட்டவே இல்லை. நடுவில் ஒரு ரிப்பீட்டர் வைத்தால் சோர்ந்து வருகிற கரண்டை அது பிடித்துத் திரும்ப ஓட விடும் என்று நீ சொன்னாய். வைத்தேன். கொடியில் ஒரு பூசணி திரண்டது. டக் என்று ஒரு சத்தம். பெட்டியைத் திறந்தால் உள்ளே பூசணிக்காய்! நான் கை தட்டிய சத்தத்தில் உங்க அப்பா குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்தார். ப்ரமோஷன் வந்த அன்றுகூட நான் அப்படிக் குதித்ததில்லை. கையால் திறக்கிற கதவில் என்ன இருக்கிறது என்று நீ சின்ன வயதில் கேட்டது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நான் சொன்னபடி ஒரு பொருள் என் உதவி இல்லாமல் நடக்கிறது, குமரேசா. பெற்றவளுக்கு இந்தச் சந்தோஷம் ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும்தான்.

அப்புறம்தான் மாச்பாத் வந்தது. விளையாட்டில் ஒவ்வொரு ஆளின் தலைக்கு மேலும் பெயர் மிதக்கும் அல்லவா, ஒருநாள் நம் உலகத்துக்குள் "மாச்பாத்" என்ற பெயரைத் தலையில் தாங்கி ஒரு ஆள் நுழைந்தான். மீனும் சோறும் என்று ஒருவன் பெயர் வைத்துக்கொள்வானா என்று உன்னிடம் கேட்டேன். "ஆபீஸ் ஃப்ரெண்டும்மா" என்று சொல்லிவிட்டு நீ வேறு பக்கம் பார்த்தாய். நானும் யாரோ ஒரு வங்காளிப் பையன் என்று நம்பினேன். மரியாதை தெரிந்த பிள்ளை. எழுத்தில்தான் பேசுவான், சித்தியைக் கூப்பிடுகிற மாதிரி மாஷிமா, மாஷிமா என்று வாய்க்கு வாய் கூப்பிடுவான். என் தோட்டத்து வேலி உடைந்தால் சொல்லாமலே சரிசெய்துவிட்டுப் போவான். தம்பி, சாப்பிட்டாயா என்று நான் கேட்டால் மட்டும் பேச்சை வேலிக்குத் திருப்பிவிடுவான். இப்போது யோசித்தால் நீங்கள் இரண்டு பேரும் எங்கெங்கோ உட்கார்ந்து எப்படிச் சிரித்திருப்பீர்கள் என்று தெரிகிறது.

கோழி விஷயத்துக்கு வருகிறேன். மலைக்கு அந்தப் பக்கம் நான் போனதில்லை. போன கோடை விடுமுறையில் ஒரு காலை வேளை, புதுக்கொடி போட இடம் தேடிப் போனபோது, கண்ணாடி வைத்த சின்னக் கூண்டு ஒன்று தென்பட்டது. மேலே கோழிகள் நெருக்கியடித்து நின்று முட்டை போட்டன. முட்டை ஒரு ஹாப்பரில் இறங்கி, ஒரு பெட்டி அதைத் துப்ப, கீழ்க்கூண்டில் குஞ்சு பொரிந்தது. ஆகா, என்ன அழகு என்று நான் ரசித்துக்கொண்டே நிற்கிறேன், குஞ்சு வளர்ந்தது. அதன் தலைக்கு நேரே நெருப்புக் குழம்பு தொங்கிக்கொண்டிருந்தது. குஞ்சாக இருக்கும்வரை எட்டாது, வளர்ந்தால் எட்டும். எட்டியது. பொசுங்கியது. வெந்த கோழியாகப் பெட்டிக்குள் விழுந்தது.

"முருகா!" என்று நான் கத்தியதில் மித்ரா பௌதி பக்கத்து மாடியிலிருந்து என்ன ஆயிற்று என்று கேட்டாள். சைவப் பிள்ளைமார் வீட்டில் பிறந்து, முட்டை ஓட்டைக்கூட முறத்தால் தள்ளுகிறவள் நான். என் பூசணிக்குக் கூப்பிடு தூரத்தில் இந்தக் கொலைக்களமா? ஒரு வாளியை எடுத்து நெருப்புக் குழம்பை அள்ளினேன். கீழ்க்கூண்டின் கண்ணாடியை உடைத்தேன். "போங்க, எல்லாம் ஓடிப் போங்க" என்று கோழிகளைத் திறந்துவிட்டேன். சேவற்கொடியோன் திருச்செந்தூரில் இருந்து பார்த்து மனம் குளிர்ந்திருப்பான் என்று எனக்கு ஒரே பெருமை. என் ஆளைப் பூசணிக்குப் பக்கத்தில் காவலுக்கு நிறுத்திவிட்டு, கத்தரிக்காய் நறுக்கப் போனேன்.

தப்பு எங்கே என்று உனக்கு இப்போதே தெரிந்திருக்கும். நெருப்பைத்தான் எடுத்தேன், முட்டை போடுகிற இயந்திரத்தை நிறுத்தவில்லை. சாப்பிட்டு, ஒரு கண் தூங்கி எழுந்து வந்து பார்க்கிறேன்: மலை தெரியவில்லை, ஆறு தெரியவில்லை, என் பூசணித் தோட்டம் இருந்த சுவடு இல்லை. கோழி, கோழி, கோழி. கம்ப்யூட்டர் ரைஸ் மில் மாதிரி இரைந்தது. என் ஆள் காலை எடுத்து வைத்தால் அடுத்த கால் வர ஒரு யுகம் ஆகியது. திரும்ப உனக்கு ஃபோன் போட்டேன், நீ எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் என் கைப்பேசி அடித்தது. தெரியாத எண். எடுத்தால் ஒரு பெண் குரல், வங்காளியில், சிரிப்பை அடக்க முடியாமல்: "ஏ கீ காண்டோ, மாஷிமா! என்ன கூத்து இது! எங்கே பார்த்தாலும் கோழி! நான் மாச்பாத் பேசுறேன். என் பேர் துலி. பயப்படாதீங்க, முதல்ல மேலே இருக்கிற கோழிகளுக்குக் கீழே அந்தச் சிவப்புத் தூளை உடைச்சிடுங்க."

கோழி இயந்திரம் உன்னுடையது இல்லை, அவள் கட்டியது என்று அப்போதுதான் தெரிந்தது. மாச்பாத் ஆபீஸ் நண்பன் இல்லை, பெஹாலாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்றும், லீவு நாளில் வீட்டில் இருந்து விளையாடுகிறாள் என்றும் தெரிந்தது. என் ஃபோன் நம்பர் அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்டபோது அவள் திக்கியதில் மிச்சமும் தெரிந்துவிட்டது. நான் ஒன்றும் உடனே ஆரத்தித் தட்டை எடுத்துக்கொண்டு ஓடவில்லை. நம்மில் இல்லாத பெண்ணா, நாளைக்குச் சொந்தத்தில் என்ன சொல்வார்கள் என்று கவலை வரத்தான் செய்தது. ஆனால் அதையெல்லாம் உட்கார்ந்து யோசிக்க எங்கே நேரம்? கோழியைப் பிடிக்க வேண்டுமே.

கையில் விதையை வைத்துக்கொண்டு நடந்தால் கோழிகள் பின்னாலேயே வரும் என்று அவள் சொன்னாள். அந்த விடுமுறை முழுக்க நாங்கள் இருவரும் விதையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, கோழிகளை ஓட்டி ஓட்டி வேலிக்குள் அடைத்தோம். உங்க அப்பா காபி டம்ளரோடு பின்னால் வந்து நின்று பார்த்தார். "கோழி மேய்ச்சாலும் கவர்மெண்டுல மேய்க்கணும்னு சொல்லுவாக. நீ என்னளா, ரிட்டயர் ஆனப்புறம் மேய்க்குத?" என்றார். அதை நான் வங்காளியில் துலிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் அவளுடைய கோழியெல்லாம் விதையை விட்டுச் சிதறி ஓடின. கோழி மேய்க்கும்போது ஒருத்தியின் குணம் தெரிந்துவிடும், குமரேசா. ஒரு தடவைகூட, "நீங்க ஏன் மாஷிமா என்னைக் கேட்காம உடைச்சீங்க?" என்று அவள் கேட்கவில்லை. கடைசிக் கோழி வேலிக்குள் போனபோது, சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். அடுத்த வாரம் நீ தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்ல வந்தபோது, "அவ அப்பா அம்மாவ என்னைக்குப் பாக்கப் போறோம்?" என்று நான் கேட்டதும் உன் முகம் போன போக்கு இருக்கிறதே!

நிச்சயம் ஆன பிறகு நானும் அவளும் பொதுக் கிடங்கு கட்டினோம். தண்ணீர் ஓடையில் எல்லாச் சாமான்களும் கலந்து மிதந்து வரும். வரிசையாக ஹாப்பர்கள் நின்று, காரட் காரட் பெட்டிக்கும் மரம் மரப் பெட்டிக்கும் போகும்படி தானே பிரிக்கும். தபால் பிரிவில் காலம் கழித்தவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? கொண்டாட்டமாகக் கட்டினேன். ஒருநாள் காரட் பெட்டியைத் திறக்கிறேன், அடியிலிருந்து நுனிவரை மீன்! துலிதான் ஆற்றில் தூண்டில் போட்டு மீன் சேர்ப்பாள். அதற்கென்று ஒரு மூலையில் தனிப் பெட்டி வைத்திருந்தோம். அந்த மீன் என் காரட் பெட்டிக்குள் கிடந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஃபோன் போட்டு, "உன் மீன் என் காரட்டையெல்லாம் தின்னுடுச்சுடி" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. மெல்லிய குரலில், "மாஷிமா, எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடவா? நான் இனிமே மீன் பிடிக்கவே மாட்டேன்" என்றாள். விளையாட்டு மீனுக்குக் குரல் ஏன் நடுங்குகிறது என்று எனக்குப் புரியவில்லை. "சாப்பாட்டுச் சாமானை யாராவது தூக்கிப் போடுவாங்களா? ஏன் இப்படி ஆச்சுன்னு பாரு" என்றேன். பார்த்தாள். குற்றவாளி நான்தான். ஹாப்பரின் வாயில் கொஞ்சம் காரட் ஒட்டிக்கொண்டு கிடந்தது; வீணாகப் போகிறதே என்று முந்தின நாள் வழித்து எடுத்துவிட்டேன். தோசைமாவுப் பாத்திரத்தை வழிக்கிற கை சும்மா இருக்குமா? அந்தக் கொஞ்சம் காரட்தான் மாதிரிச் சரக்காம்; அதை வைத்துத்தான் இது காரட்டுக்கான வழி என்று இயந்திரம் அறியுமாம். மாதிரியை எடுத்தால், அடுத்து எது முதலில் வருகிறதோ அதற்கே அந்த வழி சொந்தமாகிவிடும். மீன் முதலில் வந்திருக்கிறது. அவ்வளவுதான்.

துலி அந்த ஒரு இடத்தைச் சரிசெய்ததும் எல்லாம் ஓடியது. நீயாக இருந்தால் மொத்தக் கிடங்கையும் பிரித்துப் போட்டிருப்பாய். உன் வழக்கம் அது. கல்யாணம் ஆன பிறகு வீட்டில் ஏதாவது அடைத்துக்கொண்டால், எந்த இடத்தில் என்று முதலில் பார். அஸ்திவாரத்தில் கை வைக்காதே. அவளிடம் அவளுக்கென்று இருக்கிறதையும் உன்னிடம் உனக்கென்று இருக்கிறதையும் வழித்து எடுத்துவிடாதீர்கள். கொஞ்சம் அங்கேயே கிடக்கட்டும்.

போன ஞாயிறு நீ தனி வீடு பற்றிச் சொன்னபோதுதான், ஃபோனில் நடுங்கிய அந்தக் குரல் எனக்கு விளங்கியது. அந்தப் பெண் என்னைப் பார்த்துப் பயப்படுகிறாள். நெருப்புக் குழம்பை அள்ளிய மாமியார் மீன் சட்டியை என்ன செய்வாளோ என்று நினைத்திருப்பாள். நீ அவளுக்காகப் பயந்து, எனக்காகவும் பயந்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் நடுவில் சுவர் எழுப்பிவிட்டாய். அடுத்த நாளே அவளுடைய அம்மா கூப்பிட்டார். காயே ஹோலுத் அன்று, மஞ்சள் பூசுகிற நாளில், மாப்பிள்ளை வீட்டிலிருந்து போகும் சீர்த்தட்டில் பெரிய ரூயி மீனுக்குப் புடவை கட்டி, மூக்குத்தி போட்டு, பெண் மாதிரி அலங்கரித்து அனுப்ப வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். "உங்களுக்குச் சங்கடம் வேண்டாம் தீதி. மீன் மாதிரி பிடிச்ச சந்தேஷ் இனிப்பு அனுப்பினாப் போதும். துலியும் அதான் சொல்றா" என்றார். எவ்வளவு நல்ல மனுஷர்கள்! எல்லோரும் என் மூக்கைக் காப்பாற்ற இப்படிப் பாடுபடுகிறார்களே என்று எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

என் மூக்கைப் பற்றி ஒரு உண்மை சொல்கிறேன், கேள். உங்க அப்பா ஹவுராவில் வேலை பார்த்த காலம் முழுக்க, பணிமனை கேன்டீனில் மத்தியானம் மீன் குழம்புதான் சாப்பிட்டார். நான் கட்டிக் கொடுத்த புளியோதரையை அவருடைய கூட்டாளிகள் பங்கு போட்டுத் தின்றார்கள். சாயங்காலம் படகில் ஆற்றைக் கடந்து வந்தால் காற்று எல்லா வாசனையையும் கொண்டுபோய்விடும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அவருடைய கைக்குட்டையைத் துவைத்தவள் நான். கடுகு எண்ணெயில் பொரித்த மீனுக்கும் குழம்பில் போட்ட மீனுக்கும் வித்தியாசம் சொல்லுவேன். ஒரு நாளும் கேட்டதில்லை. மனிதர் வயிறு நிறைந்து, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார், இதில் கேட்க என்ன இருக்கிறது? இதை அவர் மலரில்தான் படிக்கப்போகிறார். படிக்கட்டும். நீ மீன் வாசனை என்றதும் அவர் ஏன் தட்டுக்குள் தலையை விட்டார் என்று உனக்கும் தெரிய வேண்டும்.

நேற்று நானும் துலியின் அம்மாவும் கரியாஹாட் சந்தைக்குப் போனோம். மீன் வரிசைக்குள் நான் முந்தானையை மூக்கில் வைக்காமல் நடந்தேன் என்று சொன்னால் பொய். பாதிவரை வைத்திருந்தேன், பிறகு கை வலித்தது, விட்டுவிட்டேன். கல்யாணத்துக்கு என்றதும் கடைக்காரர் ஆளுயர மீனையெல்லாம் தூக்கிக் காட்டினார். எந்த அளவு வேண்டும், எப்போது வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். சந்தேஷும் போகும், ஆனால் தட்டில் முதலில் போவது மீன்தான். புடவை நான் கட்டுவேன். உன் தங்கைக்கு என்று ஆசைப்பட்டு வாங்கி, தங்கை பிறக்காததால் பெட்டியிலேயே கிடந்த சின்னப் பட்டுப்பாவாடைத் துணி இருக்கிறது, அதுதான் புடவை. மீனைத் தொட்டுத் தூக்குவது மட்டும் உங்க அப்பா வேலை. அவருக்குப் பழக்கம்தானே.

மேல்மாடி அறையை ஒட்டி இருக்கும் பழைய சாமான் அறையைக் காலி செய்து, குழாய் இழுத்து, ஒரு அடுப்பு வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஜன்னல் தெருப்பக்கம் திறக்கும். அங்கே துலி என்ன சமைத்தாலும் அது அவள் ராஜ்ஜியம். கீழே என் அடுப்பில் சொதி கொதிக்கும். நீ இரண்டு மாடிக்கும் ஏறி இறங்கித் தின்று கொழுப்பாய். மனதில் இருப்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்: நீங்கள் இரண்டு பேரும் இந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நீ போனால் இந்த வீடு எனக்கு வெறிச்சென்று இருக்கும். அதற்காக உன்னைக் கட்டிப்போட மாட்டேன். உங்களுக்கென்று ஒரு வீடு வேண்டும், கதவைச் சாத்திக்கொண்டு சிரிக்க வேண்டும், அதனால் போகிறோம் என்றால், பால் காய்ச்சுகிற அன்று முதல் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நான்தான் முன்னால் நடப்பேன். சத்தியமாகச் சந்தோஷமாக நடப்பேன். ஆனால் என் மூக்கைக் காரணம் காட்டி மட்டும் போகாதேப்பா. அந்தப் பழியை நான் சுமக்க மாட்டேன்.

எழுத்துக் கூட்டி இதுவரைக்கும் வந்துவிட்டாய் என்றால், இனிச் செய்ய வேண்டியது ஒன்றுதான். துலியைக் கூட்டிக்கொண்டு வா. இரண்டு பேரும் என் முன்னால் உட்கார்ந்து, "அம்மா, நீ என்ன சொல்லுத?" என்று ஒரு தடவை என்னிடம் கேளுங்கள். யாரும் இன்னும் அதைக் கேட்கவில்லை.